குண்டை எவ்வளவு ஆழம் இறக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்ளும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே வந்தன: பித்தளைத் தோட்டாக் கூட்டின் கழுத்துக்குள் குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதே அது. கேட்டவர்கள் பலரிடமும் இருப்பது நூறு வயதைக் கடந்த, அல்லது நெருங்கும் துப்பாக்கி என்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். வெடிமருந்தின் எடையை இப்பகுதியில் அச்சிடுவதில்லை. அதற்கு சோம்கெம் என்னும் தென்னாப்பிரிக்க வெடிமருந்துக்கான கையேட்டையோ, குண்டு தயாரித்த நிறுவனத்தின் அட்டவணையையோ பார்த்து, அதில் கொடுத்திருக்கும் தொடக்க அளவிலிருந்து மட்டுமே ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி (சாட்ஸ்வர்த் வாசகர்): என் மாமனார் நியூகாசில் பக்கம் ஒரு பண்ணை ஏலத்தில் வாங்கிய 1896 மாடல் மவுசர் இப்போது என் பெயரில் உரிமம் பெற்று என்னிடம் இருக்கிறது. 7×57, தோட்டா உட்காரும் அறையின் மேல் ஓ.வி.எஸ். என்று பொறித்திருக்கிறது. 175 கிரெய்ன் உருண்டை முனைக் குண்டு 100 மீட்டரில் நெருக்கமாக விழுகிறது. 140 கிரெய்ன் கூர்முனைக் குண்டோ சிதறுகிறது. இரண்டையும் கையேட்டில் உள்ளபடி 78 மில்லிமீட்டர் முழு நீளத்துக்கே அமைக்கிறேன். பிழை எங்கே?

பதில்: 78 மில்லிமீட்டர் என்பது 7×57 தோட்டாவின் முழு நீளத்துக்கு சி.ஐ.பி. என்னும் ஐரோப்பியத் தரநிர்ணய அமைப்பு விதித்திருக்கும் உச்ச வரம்பு. எந்த நிறுவனத்தின் துப்பாக்கியிலும் அந்தத் தோட்டா அடங்க வேண்டும் என்பதற்காக வைத்த எல்லை அது. உங்கள் குழலில் எந்தக் குண்டு எந்த இடத்தில் வரி மேட்டைத் தொடும் (குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளங்களே வரி, அவற்றுக்கு இடையே உயர்ந்து நிற்பது வரி மேடு) என்பதைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஓ.வி.எஸ். என்ற முத்திரை ஆரஞ்சு சுதந்திர நாட்டு அரசுக்காக வாங்கப்பட்ட துப்பாக்கி என்பதைக் காட்டுகிறது. பெர்லினில் லுட்விக் லோவே நிறுவனமும், அதன் வழிவந்த டி.டபிள்யூ.எம். நிறுவனமும் செய்து அனுப்பிய இந்த மவுசர்களில் டிரான்ஸ்வால் அரசு மட்டுமே 30,000-க்கும் மேற்பட்டவற்றை வாங்கியது. 1899-இல் பிரிட்டனுடன் போர் தொடங்கியபோது இவ்விரு நாடுகளின் போயர் படையினரின் கையில் இருந்தவற்றுள் பெரும்பகுதி இவையே. அன்றைய படைத்தோட்டாவில் இருந்தது 173 கிரெய்ன், அதாவது 11.2 கிராம் எடையுள்ள நீண்ட உருண்டை முனைக் குண்டு. அந்தக் குண்டுக்கு இடம் விட்டே குழலின் தொண்டையைக் கடைந்தார்கள். தொண்டை என்று நான் சொல்வது, தோட்டாக் கூட்டின் வாய் முடியும் இடத்துக்கும் வரி மேடு முழு உயரம் பெறும் இடத்துக்கும் இடைப்பட்ட வழவழப்பான பகுதியை.

உருண்டை முனைக் குண்டு கிட்டத்தட்ட முனை வரையில் தன் முழுப் பருமனோடு வருவதால், 78 மில்லிமீட்டர் நீளத்தில் அமைத்தாலும் அதன் தோள், அதாவது முனை மெலியத் தொடங்கும் இடம், வரி மேட்டுக்கு அருகிலேயே நிற்கிறது. உங்கள் 140 கிரெய்ன் கூர்முனைக் குண்டு பாதியிலேயே மெலியத் தொடங்கிவிடுகிறது. ஆகவே அதே முழு நீளத்தில் அமைத்தால் அதன் பருமனான பகுதி பல மில்லிமீட்டர் பின்தங்கியிருக்கும். சுட்டவுடன் அது கழுத்தின் பிடியை விட்டு, பக்கத்துணை அதிகம் இல்லாத தொண்டையைத் தாண்டி வரிக்குள் நுழைய வேண்டும். வாசற்படியின் உயரம் தெரியாமல் காலை வைத்தவனைப் போலச் சற்றுச் சாய்ந்தே நுழைகிறது. அந்தச் சாய்வே 100 மீட்டரில் சிதறலாகத் தெரிகிறது.

செய்ய வேண்டியது, உங்கள் துப்பாக்கியை அதே குண்டைக் கொண்டு அளப்பது. இதற்கென்று விலைக்கு வரும் கருவிகள் நன்றாகவே இருக்கின்றன. இல்லாவிட்டாலும் ஒரு துடைகோலும் ஒட்டுநாடாவும் போதும். துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் உருளையை) மூடி, தட்டையான முனையுள்ள கோலைக் குழல் வாய் வழியாக இறக்கி, போல்ட்டின் முகத்தில் முட்டும் இடத்தில் குழல் வாயோடு சேர்த்து ஒட்டுநாடாவால் அடையாளம் வையுங்கள். கோலின் முனை ஊசித் துளைக்குள் நழுவிவிடாத அகலத்தில் இருக்க வேண்டும். பிறகு போல்ட்டை எடுத்துவிட்டு, குண்டை அறை வழியாகப் போட்டு, ஒரு பென்சிலால் மெல்ல முன்னே தள்ளி வரி மேட்டில் அணைத்துப் பிடித்தபடியே, கோலை மறுபடி இறக்கி, குண்டின் முனையைத் தொடும் இடத்தில் இரண்டாம் அடையாளம் வையுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே அந்தக் குண்டு உங்கள் குழலில் வரியைத் தொடும் முழு நீளம். பென்சிலை அழுத்தினால் குண்டு வரிக்குள் ஏறிவிடும், அளவு கூடிப்போகும். ஆகையால் நாலைந்து முறை அளந்து, ஒன்றோடொன்று ஒத்துவரும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியும்) மருந்தும் இல்லாத ஒரு வெற்றுக் கூட்டில் குண்டைப் பொருத்தி, குண்டின் தோளை மெழுகுவர்த்திப் புகையிலோ மார்க்கர் பேனாவிலோ கறுப்பாக்கி, மெதுவாக அறைக்குள் செலுத்தி போல்ட்டை மூடித் திறங்கள். மவுசர் குழலில் நான்கு வரிகள் என்பதால், குண்டு மேட்டைத் தொட்டிருந்தால் கறுப்பின் மேல் சம இடைவெளியில் நான்கு சிறிய பளபளப்பான கட்டங்கள் தெரியும். கட்டம் நீளமாக இருந்தால் குண்டு வரிக்குள் ஏறியிருக்கிறது என்று பொருள். குண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தி, கட்டங்கள் மங்கி மறையும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு கட்டங்கள் விழுந்து மறுபக்கம் கறுப்பு கலையாமல் இருந்தால், குண்டு கழுத்தில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அப்போது ஆழத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், குண்டைக் கழுத்துக்குள் அழுத்தும் அச்சான டையைக் கவனிக்க வேண்டும்.

இனிக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்களுடையவை வேறாக இருக்கும். உங்கள் 140 கிரெய்ன் குண்டு 30 மில்லிமீட்டர் நீளம் என்றும், தட்டையான அடி உடையது என்றும், வரியைத் தொடும் முழு நீளம் 83 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டின் நீளம் 57. தொடும் அளவுக்கு வெளியே இழுத்து அமைத்தால், 57-ஐயும் 30-ஐயும் கூட்டி 83-ஐக் கழிக்க, கழுத்துக்குள் 4 மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது. குண்டின் விட்டத்துக்குக் குறையாத ஆழமாவது கழுத்தின் பிடியில் இருக்க வேண்டும் என்பது பழைய, நல்ல விதி; இங்கே அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அப்படியானால் முழு நீளம் 80-ஐத் தாண்ட முடியாது, வரிக்கும் குண்டுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் வெளி இருந்தே தீரும். அந்த 80 மில்லிமீட்டர் தோட்டாவும் உங்கள் மேகசின் பெட்டிக்குள் முன்பின் தட்டாமல் போனால்தான் செல்லும். போகாவிட்டால் பெட்டியின் அளவே இறுதி வரம்பு.

வரியிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி அமைத்தால்தான் துப்பாக்கி நன்றாகச் சுடும் என்று இக்காலப் போட்டித் துப்பாக்கிக்காரர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, இந்தப் பழைய மவுசரில் அந்த அரை மில்லிமீட்டரைத் துரத்துவதில் பயனில்லை என்பது என் முடிந்த கருத்து. கழுத்தின் பிடியும் மேகசினும் அனுமதிக்கும் எல்லைக்குள், அரை அரை மில்லிமீட்டராக மாற்றி மூன்று நான்கு ஆழங்களைச் சோதித்துப் பாருங்கள். அவற்றுள் ஒன்று மற்றவற்றைவிடத் தெளிவாக நன்றாக விழுவது வழக்கம். ஒன்றும் நன்றாக விழாவிட்டால் 160, 175 கிரெய்ன் எடைகளில் பருமனான முனையுள்ள குண்டுக்குத் திரும்பிவிடுங்கள். தொண்டை எந்தக் குண்டுக்காகக் கடையப்பட்டதோ அதை விரும்புவதில் வியப்பு என்ன இருக்கிறது?

கேள்வி (அதே வாசகர், கடிதத்தின் மறுபக்கத்தில்): ஆழத்தை மாற்றினால் அழுத்தம் ஏறும் என்கிறார்கள். உள்ளே தள்ளினால் ஏறுமா, வெளியே இழுத்தால் ஏறுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டாலும் ஏறும், காரணங்கள் மட்டும் வேறு. உள்ளே தள்ளும்போது மருந்து எரியும் இடம் சுருங்குகிறது. கைத்துப்பாக்கியின் சிறிய கூட்டில் இது மிகப் பெரிய விஷயம். 7×57 போன்ற பெரிய கூட்டில் 1 மில்லிமீட்டர் ஆழம் கூடினால் உள்ளிடம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் குறைகிறது. வெளியே இழுத்து வரி மேட்டிலேயே குண்டை அணைத்துவிட்டால் நடப்பது வேறு: ஓடத் தொடங்கி வேகம் பிடித்து வரிக்குள் நுழைய வேண்டிய குண்டு, நின்ற நிலையிலிருந்தே வரியால் செதுக்கப்பட வேண்டியதாகிறது, அதற்குள் மருந்து எரிந்து அழுத்தம் குவிந்துவிடுகிறது. ரைபிளைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது இந்த இரண்டாவதைத்தான். சிறிது வெளி இருந்தால் தொடக்க அழுத்தம் தணிந்திருக்கும்.

உங்கள் துப்பாக்கியில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. 1893 முதல் 1896 வரையிலான மவுசர்களின் போல்ட்டில், அதைப் பூட்டி நிறுத்தும் பிடிகாதுகள் முன்பக்கம் இரண்டு மட்டுமே உள்ளன. 1898 மாடலில் பின்பக்கம் சேர்த்த மூன்றாவது காப்புக்காதும், வாயு பின்னால் வந்தால் சுடுபவரின் முகத்தைக் காக்கும் அகன்ற தடுப்பும் இவற்றில் இல்லை. 7×57-க்கு ஐரோப்பியத் தரம் 3,900 பார் அழுத்தம் வரை அனுமதிக்க, அமெரிக்கத் தரம் 51,000 பி.எஸ்.ஐ. என்று, ஏறத்தாழ 3,500 பாருக்கு இணையான எண்ணில் நிறுத்திக்கொள்கிறது. இத்தகைய பழைய துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதை மனத்தில் வைத்தே அப்படி. கையேட்டில் இரண்டு அட்டவணைகள் இருந்தால் தாழ்ந்ததையே நீங்கள் பின்பற்ற வேண்டும். ஆழத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும், குண்டின் பெயரை மாற்றும் ஒவ்வொரு முறையும், மருந்தைத் தொடக்க அளவுக்குக் குறைத்து மறுபடி படிப்படியாக ஏற வேண்டும். போல்ட் இறுகித் திறப்பதும் பிரைமர் தட்டையாவதும் எச்சரிக்கை என்பது உண்மையே. ஆனால் பழைய துப்பாக்கியில் அவை தெரியும்போது எல்லையை ஏற்கெனவே கடந்திருப்பீர்கள். நேட்டால் கடற்கரையின் ஜனவரி கோடை வெயிலில் நிற்கும் பக்கி வண்டியின் (பிக்-அப்பின்) டாஷ்போர்டில் தோட்டாக்களைப் போட்டுவிட்டுப் போனாலும் அழுத்தம் ஏறும் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்): சுடாத தோட்டாவை வெளியே எடுத்தபோது கூடு மட்டும் வந்தது, குண்டு குழலிலேயே தங்கிவிட்டது. மருந்தெல்லாம் மேகசினுக்குள் கொட்டிவிட்டது. வேட்டையே கெட்டது.

பதில்: வேட்டை கெட்டதோடு போயிற்றே என்று மகிழுங்கள். குண்டை வரிக்குள் இறுகும்படி நீளமாக அமைத்திருக்கிறீர்கள். கழுத்தின் பிடியும் தளர்வாக இருந்திருக்கிறது. குழலில் குண்டு நிற்கும்போது இன்னொரு தோட்டாவை ஏற்றி அதைத் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். போல்ட்டை எடுத்து, மருந்துத் துகள் முழுவதையும் தட்டித் துடைத்து, குழல் வாய் வழியாகப் பித்தளைக் கோலை இறக்கி மெல்லத் தட்டினால் குண்டு அறைப் பக்கமாக விழுந்துவிடும். அதன் பின் அதே தொகுதியில் நிரப்பிய மற்றத் தோட்டாக்கள் அனைத்தையும் குண்டு கழற்றும் சுத்தியலில் போட்டுப் பிரித்து, வரியிலிருந்து குறைந்தது 1 மில்லிமீட்டராவது தள்ளி மறுபடி அமையுங்கள். வேட்டைக்குப் போகும் தோட்டா வரியைத் தொடவே கூடாது. காட்டில் ஏற்றுவதும் இறக்குவதும் பல முறை நடக்கும்.

கேள்வி (டோங்காட் வாசகர்): என்னிடம் .303 லீ-என்ஃபீல்டு, நம்பர் 1 மார்க் 3 இருக்கிறது. யு எழுத்துக்குள் அம்புக்குறி போட்ட முத்திரை. குண்டைக் கழுத்திலிருந்து விழும் அளவுக்கு வெளியே வைத்துப் பார்த்தும் வரியைத் தொடவில்லை. குழல் முடிந்துபோயிற்றா?

பதில்: முடிந்துபோகவில்லை, தேய்ந்திருக்கிறது. அந்த முத்திரை தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் உடைமை என்பதற்கான அடையாளம். அரசின் கையில் இருந்த காலத்தில் அது சுட்டதில் பெரும்பகுதி கார்டைட் என்னும் பழைய பிரிட்டிஷ் புகையில்லா மருந்து நிரப்பிய தோட்டாவாகத்தான் இருந்திருக்கும். முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் மட்டுமே 58 விழுக்காடு. எரியும் வெப்பத்தில் தொண்டையின் எஃகு அரிக்கப்பட்டுவிடும். கரும்பொடிக்காக வடிவமைத்த மெட்ஃபோர்டின் ஆழமற்ற ஏழு வரிகள் கார்டைட்டுக்குத் தாக்குப்பிடிக்காமல் போனதால்தான் 1895-இல் என்ஃபீல்டின் ஆழமான ஐந்து வரிகள் வந்தன. பின்னர் நைட்ரோகிளிசரினை 30 விழுக்காடாகக் குறைத்து எம்.டி. வகைக் கார்டைட் செய்தார்கள். அப்படியும் தேய்மானம் நின்றுவிடவில்லை, மெதுவாயிற்று.

இந்த நிலையில் உள்ள துப்பாக்கியில் வரியை எட்டும் முயற்சியைக் கைவிட்டு, வேறு மூன்று இடங்களில் உழைப்பைச் செலுத்துவது மேல். முதலாவது குண்டின் விட்டம். .303-க்கென்று விற்கும் குண்டுகள் .311 அங்குலத்திலும் .312 அங்குலத்திலும் கிடைக்கின்றன. போர்க்காலக் குழல்களோ அதற்கும் மேல் விரிந்தவையாக அடிக்கடி அகப்படும். எண்ணெய் தடவிய மென்மையான ஈயக் கட்டியைக் குழல் வழியாகத் தட்டி இறக்கி அளந்து பாருங்கள். வரி ஐந்து என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் இருக்கும். காலிப்பரின் இரு தாடைகளும் பள்ளத்தின் விட்டத்தைப் பிடிக்க முடியாது. மெல்லிய பித்தளைத் தகட்டை ஈயத்தின் மேல் ஒரே சுற்றாகச் சுற்றி, பல திசைகளில் அளந்து, மிக அதிகமான எண்ணிலிருந்து தகட்டுக் கனத்தை இரு முறை கழித்தால் நெருங்கிய விடை கிடைக்கும். கிடைப்பவற்றுள் பள்ளத்தின் விட்டத்துக்கு அருகில் வரும் பருமனான குண்டையே தேர்ந்தெடுங்கள். ஆனால் பருமனான குண்டு ஏற்றிய கழுத்து அறைக்குள் தாராளமாக அடங்குகிறதா என்று வெற்றுக் கூட்டில் சோதித்த பிறகே.

இரண்டாவது குண்டின் அடி. படகு வால் போல் சரிந்து குறுகும் அடியுள்ள குண்டு, தேய்ந்த தொண்டையில் வாயுவைப் பக்கவாட்டில் கசியவிடுகிறது. தட்டையடிக் குண்டின் அடி அழுத்தத்தில் சற்று விரிந்து குழலை அடைத்துக்கொள்கிறது. பழைய .303-களில் இந்த வேறுபாடு இலக்கு அட்டையிலேயே தெரியும். 1910-இல் வந்த மார்க் 7 தோட்டாவின் 174 கிரெய்ன் கூர்முனைக் குண்டும் தட்டையடிதான். அதற்கு முந்தைய 215 கிரெய்ன் உருண்டை முனையை ஒத்த குண்டு உங்களுக்குக் கிடைத்தால், முழுப் பருமன் முன்னே வரையில் வருவதால் தொண்டையின் பெரும்பகுதியை அதுவே நிரப்பிவிடும்.

மூன்றாவது ஒரே சீரான ஆழம். தோட்டாவின் முழு நீளம் 78.1 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். கழுத்தின் பிடி குறைந்தது 8 மில்லிமீட்டருக்கு அருகில் இருக்கட்டும். அதற்குள் எந்த ஆழம் நன்றாக விழுகிறதோ அதை எல்லாத் தோட்டாவிலும் ஒன்றுபோலக் காப்பது, வரியை நெருங்குவதைவிட உங்களுக்கு அதிகப் பலன் தரும். கூட்டை முழுவதுமாக இறுக்காமல் கழுத்தை மட்டும் இறுக்குங்கள். இந்தத் தோட்டா அறைக்குள் தன் அடி விளிம்பில் நிற்பது. அறைகளோ படைத்துறைத் தாராளத்தோடு கடையப்பட்டவை. சுட்ட கூட்டை ஒவ்வொரு முறையும் பழைய வடிவத்துக்குத் தள்ளினால் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து இரண்டாகப் பிரியும்.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகர்): டையைத் தொடவே இல்லை, ஆனாலும் ஒரே பெட்டிக் குண்டுகளில் முழு நீளம் அரை மில்லிமீட்டர் வரை மாறுகிறது.

பதில்: காலிப்பர் முனையை அளக்கிறது, டையின் தண்டு குண்டின் தோளுக்கு அருகில் அழுத்துகிறது. மென்முனைக் குண்டுகளின் ஈய நுனி பெட்டிக்குள் ஒன்றோடொன்று மோதியே நசுங்கியிருக்கும். அந்த மாற்றம் சுடுவதில் பெரிதாகக் காட்டாது. தோளில் உட்காரும் வளைய அளவியைக் காலிப்பரில் மாட்டி அளந்தால் பெரும்பாலும் வேறுபாடு நூறில் சில பங்கு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அப்படியும் அடங்காவிட்டால் தண்டின் குழி உங்கள் குண்டின் முனைக்குப் பொருந்தாமல் நுனியிலேயே முட்டுகிறதா என்று பாருங்கள். கழுத்துகள் சில இறுக்கமாகவும் சில தளர்வாகவும் இருந்தாலும் இப்படி நேரும். பல முறை சுட்ட கூடுகளைப் புதியவற்றோடு கலக்காதீர்கள்.

கேள்வி (நியூகாசில் வாசகர்): முழுச் செப்புக் குண்டு 7×57-க்கு ஏற்றதா? ஈயக் குண்டின் அளவுகளையே பயன்படுத்தலாமா?

பதில்: ஏற்றதுதான், பழைய மவுசரின் வரி 220 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்பதால் நீண்ட குண்டையும் நிலையாகச் சுழற்றும். ஈயக் குண்டின் அளவுகளைப் பயன்படுத்தவே கூடாது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு நீளம் கூடுகிறது, கூடிய நீளம் கூட்டின் உள்ளேதான் இறங்குகிறது. செம்பு வரியால் செதுக்கப்படுவதற்கும் அதிக எதிர்ப்புக் காட்டும். ஆகவே அந்தக் குண்டுக்கென்றே வெளியான அட்டவணையை எடுத்துக்கொண்டு, வரியிலிருந்து 1.3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தள்ளி ஆரம்பியுங்கள். இவ்வகைக் குண்டுகள் அந்த வெளியை விரும்புகின்றன. தொண்டை நீண்ட பழைய துப்பாக்கிக்கு இது வசதியே. முன்பு சொன்ன சிதறல், கழுத்துக்கு வெளியேயும் குண்டின் நேர்ப்பகுதி நீண்டிருக்கும் செப்புக் குண்டில் குறைவாகவே வரும்.

கேள்வி (வெருலம் வாசகர்): கழுத்தைக் கிரிம்ப் செய்ய, அதாவது கூட்டின் வாயைக் குண்டின் மேல் நெரிக்க வேண்டுமா?

பதில்: குண்டில் அதற்கான வளையப் பள்ளம் இருந்து, நீங்கள் தேர்ந்த ஆழத்தில் கூட்டின் வாய் அந்தப் பள்ளத்திலேயே வந்து நின்றால், இலேசாகச் செய்யலாம். பள்ளம் வேறிடத்தில் இருந்தால் வேண்டாம். கிரிம்ப் செய்வதற்காக ஆழத்தை மாற்றுவது தலைகீழான வேலை.

கேள்வி (லேடிஸ்மித் வாசகர்): என் அண்ணனின் துப்பாக்கிக்கு நான் தோட்டா நிரப்பித் தரலாமா? 1896-இல் செய்தது என்பதால் தொல்பொருள் என்று உரிமத்திலிருந்து விலக்கு உண்டா?

பதில்: விலக்கு இல்லை. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பழம்பொருள் துப்பாக்கி என்பது, 1900 ஜனவரி 1-க்கு முன் செய்யப்பட்ட, குழல் வாய் வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியையும் அதன் நகலையுமே குறிக்கும். மவுசரும் மார்டினியும் பின்பக்கம் தோட்டா ஏற்றுபவை. எவ்வளவு பழையவையானாலும் உரிமம் வேண்டும். நிரப்புவதும் உங்கள் பெயரில் உரிமமுள்ள துப்பாக்கிக்காக, உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக மட்டுமே. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் குழலில் அளந்த ஆழம் அண்ணன் குழலுக்குப் பொருந்தாது. அண்ணனே தன் துப்பாக்கியை அளந்து தன் கையால் நிரப்பிக்கொள்வதுதான் இருவருக்கும் நல்லது.

கேள்வி (டண்டீ வாசகர்): மார்டினி-ஹென்றி .577/450-க்கு ஈயக் குண்டு வார்த்து நிரப்புகிறேன். இதில் ஆழத்தை எப்படி முடிவு செய்வது? மருந்துக்கு மேல் கொஞ்சம் வெற்றிடம் இருந்தால் பரவாயில்லையா?

பதில்: 1879 ஜூலுப் போர்க்களமான இசண்டில்வானாவுக்கு அவ்வளவு அருகில் இருந்துகொண்டு மார்டினியைச் சுடாமல் வைத்திருக்க மனம் வராது என்பது புரிகிறது. வெற்றிடம் கூடவே கூடாது. கரும்பொடியில் இதுவே முதல் விதி. குண்டுக்கும் பொடிக்கும் இடையே காற்று நின்றால் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து, குழலில் மோதிரம் போன்ற வீக்கம் விழும். மோசமானால் குழல் பிளக்கும். 1871-இல் ஏற்கப்பட்ட அந்தத் துப்பாக்கியின் மூலத் தோட்டாவில் 85 கிரெய்ன் கரும்பொடியும் 480 கிரெய்ன் குண்டும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே தேன்மெழுகு வில்லையும் அட்டை வட்டங்களும் இடத்தை நிரப்பி நின்றன. இன்று கிடைக்கும் ஒரே துண்டாக இழுத்த பித்தளைக் கூடுகளின் உள்ளிடம், அன்றைய சுருட்டிய மென்தகட்டுக் கூட்டினுடையதைப் போல இருப்பதில்லை. அதனால் பழைய எடையை நம்பாமல், உங்கள் கூட்டில் குண்டின் அடியும் வில்லைகளும் பொடியை இலேசாக அழுத்தும்படி ஆழத்தை அமையுங்கள்.

ஆகவே மேலே மவுசருக்குச் சொன்ன வரிசை இங்கே தலைகீழாகிறது: அங்கே ஆழத்தை முடிவு செய்து மருந்தை அதற்கு ஏற்றினோம், இங்கே பொடியின் உயரம்தான் ஆழத்தை முடிவு செய்கிறது. மென்மையான ஈயம் வரியைத் தொட்டு நிற்பதாலும் கெடுதல் இல்லை. காகிதம் சுற்றிய குண்டு தொட்டு நிற்பதையே விரும்பும். மேகசின் இல்லாத ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி என்பதால் முழு நீளத்துக்கும் அறையைத் தவிர வேறு வரம்பு கிடையாது. புகையில்லா மருந்தை எந்த அளவிலும் இதில் போடாதீர்கள். சுட்ட கூடுகளை அன்றே சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி உலர்த்துங்கள். கரும்பொடியின் கசடு ஒட்டிய பித்தளை அரித்துக் கழுத்தில் விரிசல் விட்டுவிடும். அதன் பின் எந்த ஆழத்தில் இறக்கினாலும் அந்தக் கழுத்து குண்டைப் பிடிக்காது.